கையை எடுங்க, சிஸ்டர்!

நூர்னிசாவுக்கு வாய் அதிகம் என்பது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பகுதியில் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம். அங்கிருந்து ராஜபாளையத்துக்குப் பஸ்ஸில் போய், பேண்டேஜ் துணி சுருட்டும் கம்பெனியில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறாள். அங்கே பக்கத்து இடம் யோகேஸ்வரிக்கு. முப்பத்தாறு வயது. சொன்னது மண்டையில் ஏறக் கொஞ்சம் நேரமாகும். அதைச் சாக்குச் சொல்லியே புருஷன் விட்டுவிட்டுப் போனான்.

மாதவிடாய் இல்லாத நாளிலும் அவளுக்கு ரத்தம் படுவதை முதலில் கவனித்தவள் நூர்னிசாதான். கர்ப்பப்பை வாயில் புற்றுநோயோ என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே யோகேஸ்வரியிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட வந்த அவள் அண்ணன் பாண்டிச்செல்வத்திடம் கையெழுத்து வாங்கினார்கள். அவளைப் படுக்கவைத்து ஆளுக்கொரு காலைப் பிடித்தார்கள். அவள் அலறினாள்.

“கையை எடுங்க, சிஸ்டர்!” என்று குறுக்கே புகுந்தாள் நூர்னிசா.

“இவளுக்கு என்னம்மா தெரியும்? சீக்கிரம் முடிஞ்சிரும், இருங்க.”

“வலி தெரியும்லா? பயம் தெரியும்லா? பொறவு வேற என்ன தெரியணும்?”

கையோடு அவளை வெளியே கூட்டி வந்துவிட்டாள்.

“நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா பொறுப்பு?” என்று வாசலிலேயே கத்தினான் பாண்டிச்செல்வம். நூர்னிசாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. அதற்காகப் பிடித்து அமுக்கிப் பார்ப்பதா? மாட்டுக்குக்கூடத் தடவிக் கொடுத்துத்தானே ஊசி போடுகிறார்கள்!

டாக்டரம்மாவிடம் மல்லுக்கட்டி, பரிசோதனையில் உள்ளே வைத்துப் பார்க்கும், வாத்து மூக்குப் போல வாய் திறக்கும் பிளாஸ்டிக் கருவி ஒன்றை வாங்கி வந்தாள். தினமும் டீ நேரத்தில் யோகேஸ்வரி அதைத் திறந்து மூடிப் பார்த்தாள். “வேண்டாம்னா கையைத் தூக்கு. நிறுத்திருவாக” என்று சொல்லிக் கொடுத்தாள் நூர்னிசா. மூன்று பிள்ளை பெற்றவள், தானும் இதுவரை அந்தப் பரிசோதனை செய்துகொண்டதில்லை. வெட்கம்தான், வேறென்ன?

மூன்றாம் வாரம் இருவரும் போனார்கள். “முதல்ல நான் படுக்கேன். நீ பாருட்டி.”

அடுத்து யோகேஸ்வரியின் முறை. சிஸ்டர் கையெழுத்துக்கு அண்ணனைத் தேடினாள்.

“அவகிட்டயே கேளுங்க,” என்றாள் நூர்னிசா.

டாக்டரம்மா கேட்டார். யோகேஸ்வரி தலையாட்டினாள். நடுவில் இரண்டு தடவை கையைத் தூக்கினாள். இரண்டு தடவையும் டாக்டரம்மா நிறுத்தினார். பிறகு அவளே, “ம், பாருங்க,” என்றாள். புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை, புண்தான், மருந்தில் ஆறிவிடும் என்றார் டாக்டரம்மா. நூர்னிசா அங்கேயே அழுதுவிட்டாள்.

யோகேஸ்வரி சேலையைச் சரிசெய்துகொண்டு சிஸ்டரிடம் கேட்டாள்: “நீங்க உங்களுக்கு இதைப் பார்த்தாச்சா?”

“எனக்கு எங்கம்மா நேரம்?”

“கட்டில் காலியாத்தான் கெடக்கு. படுங்க, நான் பக்கத்துல நிக்கேன்.”