ஜேனட்டின் குலமும் மாமியின் கேள்விகளும்

இன்று எங்கள் மவுண்ட் ரோஸ்கில் பகுதிக்கு வரும் பஸ்ஸில் மாமியாரோடு வந்தபோது, என்னோடு வேலை செய்யும் ஜேனட்டும் ஏறினாள்.

தன் குலத்தார் வாழ்ந்த ஸ்கொட்லாந்துத் தீவின் விரிகுடாவுக்குப் போய்த் திரும்பியிருக்கிறாள்.

"ஆறு நாள் நின்றேன். மழையும் செம்மறிகளும்தான். நீ யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

மாமிக்குத் தமிழில் சொன்னேன். மாமியும் ஊரில் ஒரு தீவுக்காரி, அவரால் பொறுக்க முடியவில்லை.

"இதென்ன சனம்? நீ கேள் பிள்ளை. தேப்பன் ஆர்? தாய் எந்தப் பக்கம்? அங்கை காணி கிடக்கோ?"

கேட்டேன். ஜேனட் பூரித்துப்போய் ஏழு தலைமுறையையும் ஒப்புவித்தாள். இறங்கும் இடத்தையும் தவறவிட்டாள்.

"ஓம், நல்ல குடும்பம்தான். பிறகேன் இன்னும் கலியாணம் கட்டேல்லை?" என்றார் மாமி.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. "என்ன கேட்டார்?" என்று ஜேனட் ஆவலோடு இரண்டு தடவை கேட்டாள்.

நாளைக்கும் கேட்பாள். என்ன சொல்லட்டும்?