காதில் விழாத ‘எப்பா’

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளிக் குடியிருந்தும், கணுக்காலுக்கு மேல் நனையாதவள் நான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் தெரிந்த இடத்திலும் நான் விட்டதில்லை. இது என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. பாடசாலையில் நீச்சல் வகுப்பு வந்தபோதெல்லாம் மகளுக்குத் தடிமன், சளி என்று கடிதம் எழுதிக் கொடுத்து, என் பயத்தை அவளுக்கும் ஊட்டிவிட்டேன். பதினான்கு வயதிலும் அவள் வாளித் தண்ணீரில்கூட முகம் வைக்கமாட்டாள். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும்.

போன விடுமுறைக்குத் திருகோணமலை போயிருந்தோம். புறாத்தீவில் பவளப்பாறை பார்ப்போம் என்று கணவர் சொன்னதும் மகள் என்னைத்தான் பார்த்தாள்.

“அம்மா இறங்கினா நானும் இறங்குவன்.”

மாட்டிக்கொண்டேன். நிலாவெளியிலிருந்து எங்களைக் கூட்டிப்போன படகுக்காரர் நரைத்த மீசைக்காரர். கொழும்புப் பழக்கத்தில் நான் வாய் திறந்ததே சிங்களத்தில்தான். “அய்யே, மெத்தன கெம்புருத?” இங்கே ஆழமோ என்று கேட்டேன். “நே, நே” என்று அவரும் சிங்களத்திலேயே தைரியம் சொன்னார்.

தீவில் எல்லாருக்கும் மிதவை ஜாக்கெற்றும், வாயில் கடிக்கும் மூச்சுக் குழாயும் தந்தார்கள். கரையில் கணவரும் மகளும் முழங்காலளவு தண்ணீரில் நின்று பார்க்க, மிதவை வளையத்தைப் பிடித்தபடி நான் முதலில் போனேன். படகுக்காரர் இழுத்துக்கொண்டு போனார். “அத்தாரின்ன எப்பா” என்றார். கையை விடவேண்டாம் என்று அர்த்தம். சிங்களத்திலும் எங்களைப்போல ‘வேண்டாம்’ கடைசியில்தான் வரும். அந்த ‘எப்பா’ வந்த நேரம் பார்த்து ஓர் அலை என் காதை அடைத்தது. விடச் சொல்கிறாராக்கும் என்று, மிக ஒழுக்கமாக, விட்டேன்.

மூக்கால் உப்புத் தண்ணீர் ஏறியது. வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டு, “ஐயோ முருகா!” என்று கத்தினேன்.

“அட, தமிழோ!” என்றார் அவர். “அக்கா, கையைக் காலை அடிக்காதேங்கோ. சும்மா கிடவுங்கோ, ஜாக்கெற் தாழ விடாது.”

“அப்ப ஏன் சிங்களம் கதைச்சனீங்கள்?”

“நீங்கதானே தொடங்கினீங்க!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும்போதுதான், யாரும் பிடிக்காமலே மிதந்துகொண்டிருப்பதைக் கண்டேன். கரையில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாளே தவிர, பயப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்துக்கே வந்து, தானாகவே முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். நானும் வைத்தேன்.

கீழே கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கிற சத்தம், வீட்டில் யாரோ முறுக்குக் கடிப்பதுபோலக் கேட்டது. இதைப் பார்க்க விடாமலா இத்தனை வருடம் அவளை மறித்தேன்! அந்த மீசைக்காரருக்கு நன்றி சொன்னேன். எத்தனை தரம் சொன்னாலும் போதாது. அவரோ அடுத்த ஆட்களை ஏற்றும் அவசரத்தில் இருந்தார்.

புறப்படும் நேரம் மகள் தலையைத் தூக்கி, “அம்மா, சுறா! சின்னச் சுறா!” என்று கூவினாள். சுறாவை நான் தேங்காய்ப்பூப் போட்டு வறுத்த வறையாகத்தான் அறிவேன். அவள் தகப்பனின் கையை இழுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே மிதந்து போனாள். ‘வேண்டாம்’ என்று கூப்பிட வாய் வரை வந்தது; குழாயை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.