ராணியின் கழுத்துப் படத்தில் தாயத்தைக் காணோம்

இன்று குதிரை ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள்: நான், மகள் செல்வி, மருமகன் இசக்கி, டாக்டர், செம்பூர் கல்யாண ஊர்வலத்தில் விழுந்து கழுத்தில் அடிபட்ட எங்கள் குதிரை ராணி.

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி, எலும்பு முறியவில்லை, வீக்கம்தான் என்று இந்தியில் சொன்னார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. காலையில் ராணியின் கழுத்தில் நானே செப்புத் தாயத்து கட்டியிருந்தேன். படத்தில் அது இல்லை.

“ஏட்டி செல்வி, இது வேற எவன் குதிரையோ! இத நம்பி ராணிய நடக்கவிட்டா கழுத்து ஒடிஞ்சிரும்.”

இசக்கி சட்டைப்பையிலிருந்து தாயத்தை எடுத்தான். “படத்துல செம்பு எலும்ப மறைக்கும்னு இங்க சொன்னாவ அத்தே. நாந்தான் அவுத்தேன்.”

ராணி பிழைத்தாள், சரி. தன் கல்யாணக் காப்பையும் இவன் இப்படித்தான் கேட்காமல் அவிழ்த்தான்.

அவனுக்குப் பரிந்து பேசுகிறவர்கள் கீழே எழுதுங்கள். பெயரை நினைவில் வைத்துக்கொள்கிறேன். டாக்டரை மன்னித்துவிட்டேன். இசக்கியை மாட்டேன்.