அடுத்த வாரக் கதை தெரிந்தவர்

எழுபதுகளின் தொடக்கத்தில், திருவள்ளூரிலிருந்து பாசஞ்சர் வண்டியில் சென்னைக்கு வேலைக்குப் போன நாங்கள் மூவர் ஒரே வாரப் பத்திரிகையைக் கைமாற்றிப் படித்தோம். அதில் பாண்டியர் காலத்துச் சரித்திரத் தொடர்கதை ஒன்று முடிவில்லாமல் நீண்டுகொண்டிருந்தது. கதையில் வரும் மாதத்தையும் திதியையும் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வது என் வழக்கம். ஒரு கட்டத்தில், பத்து நாளுக்குள் இரண்டு பௌர்ணமி வந்துவிட்டது. எழுதியவருக்குப் பஞ்சாங்கமே தெரியாது என்று குறைபட்டுக்கொண்டேன்.

ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து எங்களோடு ரயிலேறும் ஃபிட்டர், "தப்பில்ல சார். ரெண்டும் ஒரே ராத்திரிதான். அடுத்த வாரம் பாருங்க" என்றார்.

அடுத்த வாரம் அப்படித்தான் இருந்தது. கோட்டைக்குள் நடந்ததை முதலில் சொன்ன எழுத்தாளர், அதே இரவில் வெளியே நடந்ததைப் பிறகு சொல்லியிருக்கிறார். எனக்கு உறுத்தியது. கதையில் வரும் பூக்காரி ஓர் ஒற்றர் என்பதையும் இவர்தான் எங்களுக்கு முன்பே சொன்னார்.

மூன்றாமவர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். அவரிடம் தனியாகச் சொன்னேன்.

"பிரஸ்ல ஆள் வெச்சிக்கினு இருக்கான் சார். முன்னாடியே படிச்சுட்டு வந்து நம்மளாண்ட ஃபிலிம் காட்டறான்" என்றார் அவர்.

அன்றிலிருந்து ஃபிட்டருக்குப் பத்திரிகை கடைசியில்தான் போனது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. அது என் சந்தேகத்தை வளர்த்தது.

கோட்டை முற்றுகை தொடங்கிய வாரம் மட்டும் அவர் இருப்புக்கொள்ளாமல் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, உனக்குத் தெரியாத கதையா? நீயே சொல்லு" என்றார் டைப்பிஸ்ட்.

"இதுக்குமேல தெரியாதுப்பா. முன்ன ஒருதபா இதே புக்ல வந்த கதைதான் இது. எங்க ஊட்டுக்காரி கிழிச்சு பைண்டு பண்ணி வெச்சிருந்தா. கடைசி பைண்ட எவனோ வாங்கினு போயி, அவ படிக்கறதுக்குள்ள தொலைச்சுட்டான். இளவரசன் பொழைச்சானான்னு இன்னிக்கும் கேக்கறா."

"மொதல்லயே சொல்றதுக்கின்னா?"

"சொன்னா தெனம் கதை கேட்டு என் உயிர வாங்குவீங்க."

டைப்பிஸ்ட் என் காதருகில், "இதுவும் கதைதான்" என்றார். எனக்கும் பாதிதான் நம்பிக்கை. ஆனாலும் மாலை வண்டியை விட்டு இறங்கும்போது, நாங்கள் படித்து முடிக்காத பத்திரிகையை ஃபிட்டரிடமே கொடுத்துவிட்டேன். திரும்பி வருமா என்று இரவு முழுக்க யோசனை.

மறுநாள் காலை பத்திரிகையோடு வந்தார்.

"இன்னா ஆச்சு?" என்றார் டைப்பிஸ்ட்.

"படிச்சுக்க" என்று அதை நீட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணிமை வீங்கியிருந்தது. பிரிக்காமலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, இளவரசன் பிழைக்கவில்லை.