பூட்டிய வீட்டுக் கல்வாழை

தபால்காரம்மாவின் வீட்டுக்குப் பின்னால் பத்தடி அகலத்தில் ஒரு துண்டு நிலம். காலை முதல் மாலை வரை வெயில் அங்கேயே குடியிருக்கும். மூன்று வருடத்தில் ஏழு ரோஜாச் செடிகளை வைத்து, ஏழையும் பறிகொடுத்தாள்.

"நர்சரிக்காரர் உன்னைப் பார்த்தாலே செடிங்களை ஒளிச்சு வைக்கிறாராம்" என்றார், கடிகாரம் பழுதுபார்க்கும் அவள் கணவர்.

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றிலிருந்து கடிதம் கொடுக்கப் போகும் தெருக்களில், ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளை நோட்டம் விட்டாள். தண்ணீர் ஊற்ற நாதியில்லாமலும் வருடம் தவறாமல் பூப்பது எதுவோ, அதுதான் தன் மண்ணுக்கும் சரிப்படும் என்று தோன்றியது. நித்தியகல்யாணி தேறியது. மழை லில்லி தேறியது. ஆனால் அவள் கண் போனது கடைசித் தெருவின் சிவப்புக் கல்வாழை மேல்.

ஒருநாள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர். முந்தின நாள்தான் விடுமுறையில் வந்திருந்தார்.

"என்னம்மா தேடறீங்க?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தபால் சார்... இல்ல, தபால் இல்ல. அதுல ஒரு கிழங்கு கிடைக்குமான்னு..."

"இதையா? போன லீவுல வேண்டாம்னு பிடுங்கி எறிஞ்சேன். எறிஞ்ச இடத்துலயே முளைச்சு நிக்குது. மூட்டையா எடுத்துட்டுப் போங்க!"

முளை உள்ள துண்டுகளாகப் பார்த்து வெட்டிக்கொண்டு வந்து, இரண்டடி இடைவெளியில் நட்டாள். ஓரத்தில் நித்தியகல்யாணியும் மழை லில்லியும் வைத்தாள். வேர் பிடித்த பிறகு வாரம் இருமுறை, ஆழமாகத் தண்ணீர். அவ்வளவுதான். கல்வாழை துளிர்த்தது. ஆனால் மழை லில்லி அழுகியது. தோண்டிப் பார்த்தால் மண் சேறாக இருந்தது.

"ஏங்க, நீங்க ஊத்தினீங்களா?"

"தினமும் மத்தியானம் ரெண்டே வாளி. வெயில்ல பாவமா நிக்குதேன்னு..."

"ரோஜாவுக்கும்?"

அவர் அவசரமாகப் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு கடிகாரத்துக்குள் குனிந்தார். அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. வாளியை மட்டும் பூட்டி வைத்தாள்.

மூன்றாம் மாதத்தில் கல்வாழையின் முதல் பூ விரிந்தது. பூ முடிந்த தண்டை அடியோடு அறுத்தால் பக்கத்திலேயே அடுத்தது கிளம்பியது. அடுத்த வருடம் புதர் நெருக்கியடித்தது. பிரித்தெடுத்த கிழங்குகளைத் தபால் நிலையத்து முன்வாசலில், பொரிகிற வெயிலில், கணவரும் அவளுமாகச் சேர்ந்து நட்டார்கள்.

இப்போது அங்கே வரிசையில் நிற்கிறவர்கள் ஸ்டாம்பு கேட்பதற்கு முன்னால் கிழங்கு கேட்கிறார்கள்.