கொழுந்தன் எழுந்திருக்கவில்லை

தெருவில் அவருக்கு டெலிபோன் என்று பெயர். பெரிய அலுவலகம் ஒன்றின் சுவிட்ச்போர்டில் பாதி ஆயுசை உட்கார்ந்தே கழித்து, வருகிற அழைப்புகளை உரிய மேசைக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்கிற வயதில் ஒரு காய்ச்சல் வந்து கண் இரண்டையும் கொண்டுபோயிருந்தது. அதனால் என்ன, குரலை வைத்தே ஆள் யார், கோபமா குழைவா, கடன் கேட்கிறானா கொடுக்கிறானா என்பதுவரை சொல்லிவிடுவார். பிறகு அந்த அலுவலகம், ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று பேசும் இயந்திரக் குரல் ஒன்றை வாங்கிவைத்தது. இவருக்கு ஒரு சுவர்க்கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது.

"கண்ணில்லாத மனுஷனுக்குக் கடிகாரம் கொடுத்த புண்ணியவான்கள்" என்று அவர் மனைவி இன்றைக்கும் அதைத் துடைக்கும்போதெல்லாம் சொல்வாள்.

அவளுக்கு லாண்டரியில் இஸ்திரி வேலை. காலையில் பெட்டியைப் பிடித்தால் மாலைவரை நின்ற கால்தான். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலம் பாரித்து, முறுக்கின கயிறு மாதிரிப் புடைத்துக் கிடந்தன. டாக்டர் மாத்திரையை ஒப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, "நிக்கிற வேலையை விட்டுடுங்கம்மா, அதுதான் மருந்து" என்றார். "அந்த மருந்து எந்தக் கடையில கிடைக்கும்னும் எழுதிக் கொடுங்க" என்று இவள் கேட்டாள். ராத்திரியில் ஒரு குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன்மேல் காலைத் தூக்கிவைத்துக்கொள்வாள். அவள் வைத்தியம் அவ்வளவுதான்.

அந்த ஸ்டூலும் போய்விட்டது, கம்ப்யூட்டர் வந்த அன்று. பழைய கம்ப்யூட்டர்தான். கடைத்தெருவில் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் அங்கங்கே கழற்றிய பாகங்களைச் சேர்த்துக் கட்டிக்கொடுத்தது. பெட்டியைத் தரையில் வைத்தால் டெலிபோன் நடக்கும்போது இடறும் என்று, அதைத் தூக்கிவைக்க அவளே ஸ்டூலைக் கொடுத்துவிட்டுத் தன் காலுக்குத் தலையணை வைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரில் ஒரு குரல் இருந்தது. இவர் எந்த எழுத்தைத் தட்டினாலும் அதைச் சொல்லும், எழுதினதைப் படித்துக் காட்டும், ஆண் குரல். நாள் பூராவும் வீட்டிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டு, ஒரு டம்ளரைக்கூட நகர்த்தாத ஆம்பளை என்பதால், அவள் அதற்குக் கொழுந்தன் என்று பெயர் வைத்தாள். "கொழுந்தனார் எழுந்தாச்சா? சாப்பிடக் கூப்பிடவா?" என்பாள். பார்க்க ஆளில்லாத அந்தத் திரையின்மேல் ஈரத் துண்டு காயும்.

கொழுந்தன் தயவில் ஒரு வேலையும் வந்தது. ஓர் ஆய்வு நிறுவனம், வாடகை வீட்டில் குடியிருப்பவர்களிடம் குறை நிறை கேட்டுப் பதிவு செய்திருந்தது. அந்தப் பேச்சையெல்லாம் கேட்டு எழுத்தாக்கிக் கொடுக்க வேண்டும். முதல் கட்டு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் மாதாமாதம் நிரந்தரமாக வேலை உண்டு என்று மேற்பார்வை பார்க்கும் அம்மாள் சொல்லியிருந்தாள். டெலிபோன் விழுந்து விழுந்து எழுதினார். யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, எந்த வீட்டுக்காரன் ஆணி அடிக்க விடமாட்டான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. மனைவி லாண்டரி முதலாளியிடம் போய், அடுத்த மாதத்திலிருந்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டே வந்துவிட்டாள்.

எழுதி முடித்தும் அவர் அனுப்பவில்லை.

"அனுப்பித் தொலைங்களேன்."

"ஒரு தடவை முழுசா கேட்டுப் பாத்துடறேன். முதல் வேலை, பிசிறு இருக்கக் கூடாது."

"உங்க பிசிறு யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

கொஞ்ச நாளாகவே கொழுந்தன் பாதிச் சொல்லில் நின்றுபோவதும், தானே அணைந்து தானே எழுவதுமாக இருந்தான். எழுந்துவிடுகிறானே என்று டெலிபோன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அனுப்பியே ஆக வேண்டிய நாள் வந்தது. அன்று லாண்டரிக்கு வார விடுமுறை; மனைவி வீட்டில் இருந்தாள். டெலிபோன் குளித்து, தலை வாரி, ஏதோ நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்போல வந்து உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். காற்றாடி சுழன்றது. பீப் என்றது. வழக்கமாக வரும் சின்ன இசை வரவில்லை. மறுபடி காற்றாடி ஓய்ந்து, மறுபடி சுழன்று, மறுபடி பீப். குரலைக் காணோம்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அவர் வேறோர் இடத்தில் வேலையாக இருந்தார்.

"சாயங்காலம் வீட்டுக்குப் போற வழியில வர்றேண்ணே. ஆனா திரையில என்னமோ எழுத்து வருமே, அது என்னன்னு சொல்லுங்க. அத வெச்சுத்தான் எந்தச் சாமானை எடுத்துட்டு வரணும்னு தெரியும். இல்லேன்னா வெறுங்கையோட வந்து வெறுங்கையோடதான் போகணும். அண்ணியப் பாத்துச் சொல்லச் சொல்லுங்களேன்."

அண்ணி திரையிலிருந்து துண்டை எடுத்தாள். அண்ணிக்கு ஆங்கிலம் தெரியாது. லாண்டரியில் துணிக்குக் குறி போடுவார்களே, அந்தப் பெரிய எழுத்துகள் மட்டும் தெரியும். சின்ன எழுத்துகளோடு பழக்கமில்லை. அதைவிடப் பெரிய சங்கடம், அந்த எழுத்துகள் ஒரு தும்மல் தும்மி மூக்கைத் துடைக்கிற நேரம்தான் நின்றன. உடனே திரை இருண்டுவிடும். பெட்டி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

"வந்துச்சு, போயிடுச்சு."

"என்ன வந்துச்சு?"

"என்னமோ நிறைய வந்துச்சு. எறும்பு ஊர்ந்த மாதிரி."

கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டில் படித்த ஆள் இருந்தார்; ஆனால் அவரிடம் ஒன்றைச் சொன்னால் தெரு முனைக்குப் போவதற்குள் ஒன்பதாகிவிடும். வேண்டாம், நாமே பார்த்துக்கொள்வோம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அப்படித்தான் அந்த ஏற்பாடு பிறந்தது. அவள் முழங்கையை மேசையில் ஊன்றிக் கண் கொட்டாமல் இருப்பாள். எழுத்து வந்ததும் ஒரே ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்வாள். திரை இருண்டதும் அதன் வடிவத்தைச் சொல்வாள். அவருக்குப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை இன்னும் மறக்கவில்லை. வடிவத்தைக் கேட்டுச் சொல்லைச் சொல்லிவிடுவார். பெட்டிதான் தானாகவே செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்ததே, பொத்தானை அழுத்தும் வேலைகூட இல்லை.

"ஹேங்கர் கொக்கி மாதிரி ஒண்ணு. அப்புறம் ரெண்டு காலும் தொங்கற பேன்ட் மாதிரி ஒண்ணு."

"ஒத்தைப் பேன்ட்டா? நடுவுல இன்னொரு கால் இருக்கா?"

"மூணு காலு."

"மூணு காலுக்கு யாரு பேன்ட் தைப்பாங்க? சரியாப் பாரு."

"எழுதினவனைக் கேளுங்க!"

அவள் எதையும் மேலிருந்து கீழே படிக்கிறவள். ஆகவே முதல் வரியில் ஆரம்பித்தாள். அதைச் சேர்த்து முடிப்பதற்குள் மத்தியானச் சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டது. அது, உள்ளே போய்த் திருத்த இன்ன விசையை அழுத்தவும் என்று எப்போதும் வருகிற வரி. அடுத்தது உள்ளேயிருக்கிற சில்லின் பெயர். அதற்கடுத்தது நினைவகம் எவ்வளவு என்பது. டெலிபோனுக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து ஒரு வேலையில் இப்படி மூழ்கியதில்லை. இடையில் பெட்டிக்குள்ளிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. யாரோ கதவைத் தயங்கித் தயங்கித் தட்டுகிற மாதிரி.

"உள்ள என்னமோ தட்டுது, கேட்டியா?"

"பேசாதீங்க, வரப்போகுது. பேசினா தப்பிடும்."

அவர் வாயை மூடிக்கொண்டார். தன் காதுகளையும்தான். வாழ்நாள் பூராவும் காதை நம்பியே பிழைத்த மனுஷன், அன்று ஒருநாள் கண் வேலை செய்கிறதே என்று அதற்கு வழி விட்டு நின்றார்.

நாலாவது வரி வந்தது. "ஹார்ட் டிஸ்க்" என்று கூட்டினார். "ஆங், அதுவும் இருக்குன்னு சொல்லுது. நல்லது. நான் எழுதினது எல்லாம் அதுலதான் இருக்கு."

அடுத்த தடவை பெரிய எழுத்துகளாக வந்ததால் அவளே ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"ஸ்மார்ட்" என்றார் அவர். "புத்திசாலின்னு அர்த்தம்."

"கொழுந்தனார் தன்னைத்தானே மெச்சிக்கறாரா? எழுந்திருக்கத் துப்பில்ல, இதுல புத்திசாலி வேற."

சிரித்தார்கள். அடுத்த சொல்லுக்கு நிலைமை என்று அர்த்தம். அதற்கடுத்ததும் பெரிய எழுத்து, மூன்றே எழுத்து. அவள் சொல்லி முடித்ததும் அவர் சிரிப்பு நின்றது.

"என்னங்க?"

"மோசம்னு போட்டிருக்கு. நிலைமை மோசம். அதுக்கப்புறம் என்ன இருக்கு பாரு. சீக்கிரம்."

திரை இருண்டது. வெளிச்சம் வந்தது. டொக், டொக். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்து, ஒவ்வொரு வடிவமாகச் சொன்னாள். அவர் விரல் தன் தொடையின்மேலேயே அவற்றை எழுதிப் பார்த்தது. பிறகு விரல் அப்படியே நின்றது.

"நகல் எடுத்துக்கோன்னு சொல்லுது" என்றார். "டிஸ்க் போகப்போகுது, போறதுக்குள்ள உள்ளே இருக்கறதை எடுத்துக்கோன்னு. காலையிலேருந்து இதைத்தான் சொல்லியிருக்கு."

கையை நீட்டி சுவரில் சுவிட்சைத் தேடினார். தெரிந்த சுவர், தெரிந்த சுவிட்ச். ஆனாலும் விரல் ஒரு சாண் தள்ளிப் போய்த் தடவியது. அதற்குள் பெட்டி இன்னொரு தடவை எழுந்துவிட்டது. காற்றாடி சுழன்றது. பீப் என்றது. டொக் என்ற சத்தம் மட்டும் வரவில்லை.

"இப்ப வேற மாதிரி வந்திருக்கு" என்றாள் அவள். "ஒரே ஒரு வரி. பக்கத்துல ஒரு கோடு மினுக்கு மினுக்குன்னு மின்னுது. இது போகவே மாட்டேங்குது. நிதானமாப் படிக்கலாம்."

"வேண்டாம்" என்றார்.

மெக்கானிக் சொன்னபடி சாயங்காலம் வந்தார். நல்ல மனுஷர், செருப்பைக் கழற்றும்போதே குசலம் விசாரித்தார். பெட்டியைத் திறந்து, உள்ளங்கை அகலத் தகட்டுப் பெட்டி ஒன்றைக் கழற்றி, தான் கொண்டுவந்த வேறொரு மெஷினில் மாட்டி, காதருகே வைத்துக் கேட்டு, இரண்டு தட்டுத் தட்டினார்.

"சுத்தமா போயிடுச்சுண்ணே. இது உடனே சாகாது. ரெண்டு மூணு தடவை எழுந்திருக்கும், அதுக்குள்ள உருவிடணும். முதல்லயே அணைச்சுப் போட்டிருந்தா நான் வந்து எடுத்துக் கொடுத்திருப்பேன். ஆமா, எத்தனை தடவை போட்டீங்க?"

டெலிபோன் வாயைத் திறந்தார்.

"ரெண்டு தடவை இருக்கும்" என்றாள் மனைவி.

அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"ரெண்டு தடவைக்கே போச்சா!" என்று மெக்கானிக் உச்சுக்கொட்டினார். "அப்ப அதுக்கு ஆயுசு அவ்வளவுதான். பெரிய கடைகள்ல பிரிச்சு எடுக்கற ஆளுங்க இருக்காங்க. கம்ப்யூட்டர் விலையைப்போல நாலு மடங்கு கேப்பாங்க, அதுவும் வரும்னு சத்தியம் பண்ண மாட்டாங்க. நான் பெட்டியை எடுத்துட்டுப் போறேன். பழைய டிஸ்க் எதாவது கிடைச்சா போட்டுத் தர்றேன். எப்ப கிடைக்கும்னு கேக்காதீங்க."

பெட்டியை அணைத்துத் தூக்கிக்கொண்டு அவர் படியிறங்குவதை டெலிபோன் கடைசிப் படிவரை கேட்டார். பிறகு மேற்பார்வை அம்மாளுக்குப் போன் போட்டார். எழுதி முடித்துவிட்டதாகச் சொன்னார், எழுதினது போய்விட்டதாகச் சொன்னார், இரண்டுமே நிஜம் என்றும் சொன்னார்.

"ஐயோ, பரவாயில்ல சார்" என்றாள் அந்த அம்மாள். "நாளைக்குக் காலையில நாங்க மேலிடத்துக்குக் கொடுத்தாகணும். இங்க இருக்கறவங்ககிட்டயே பிரிச்சுக் கொடுத்துடறேன். அடுத்து ஏதாவது இருந்தா நாங்களே கூப்பிடறோம். உடம்பைப் பாத்துக்கோங்க சார்."

"உடம்பு நல்லாத்தாம்மா இருக்கு" என்றார்.

அந்தக் குரலை அவருக்கு நன்றாகத் தெரியும். சுவிட்ச்போர்டில் உட்கார்ந்து எத்தனையோ பேரிடம், 'வந்ததும் சொல்றோம், நாங்களே கூப்பிடறோம்' என்று அதே பதத்தில், அதே இனிப்பில் சொல்லியிருக்கிறார். அவர்களில் எவரையும் யாரும் திரும்பக் கூப்பிட்டதாக அவருக்கு ஞாபகமில்லை.

மனைவி போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் அவருக்குக் கேட்காமல் அந்த வீட்டில் எதைப் பேசிவிட முடியும்?

"முதலாளி, நாளைக்கு வழக்கம்போல வந்துடறேன்... ஆமா... இல்ல, அடுத்த மாசமும்தான்... நின்னுக்கறேன், நின்னுக்கறேன். காலு எங்க போகப்போகுது?"

அந்தப் பக்கம் முதலாளி சிரிப்பது சுவர் தாண்டிக் கேட்டது. கெட்ட சிரிப்பில்லை. எதிர்பார்த்தது நடந்தவன் சிரிப்பு.

அவள் திரும்பிவந்து துண்டை மறுபடி திரையின்மேல் போட்டாள். அவர் நாற்காலியிலேயே இருந்தார். கைகள் பழக்கத்தில் விசைப்பலகையின்மேல் கிடந்தன. ஒன்றிரண்டு எழுத்தைத் தட்டினார். யாரும் அதைச் சொல்லவில்லை.

"நேத்தே அனுப்பியிருக்கணும்" என்றார்.

"ஆமா, அனுப்பியிருக்கணும்."

"அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

"நான்தான் பேசாதீங்கன்னேன்."

கொஞ்சம் பொறுத்து, தரையில் மரம் இழுபடும் ஓசை கேட்டது. மேசைக்குப் பக்கத்திலிருந்து அவள் நாற்காலிவரை. அவருக்குத் தெரிந்த ஓசைதான், கேட்டு வெகுநாளாகியிருந்தது. அவள் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கிவைத்தாள். பிறகு இன்னொன்றையும்.

"அப்பாடா" என்றாள். "எப்படியோ என் ஸ்டூல் எனக்கு வந்து சேந்துச்சு."