பதினேழு வீடுகளும் ஒரு கடலும்

நான்கு நாள் லீவை ஒரு பெண் எப்படிச் சேர்க்கிறாள் என்று தேவராஜுக்குத் தெரியாது. அவர் மனைவி லூர்துமேரிக்குத் தெரியும். ஹைதராபாத் மல்லாபூரில் ஒரு மாத்திரை கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டே வேலை பார்ப்பவள் அவள். காய்ச்சலோடும் போனாள். மகளைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அரை நாள்தான் எடுத்தாள். அப்படிச் சேர்த்த நான்கு நாளையும் கடல் பார்க்கத்தான் கேட்டு வாங்கினாள்.

ஐம்பத்தொரு வயதில் கடல் பார்க்காதவளா என்று சிரிக்க வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாதுக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம் அவளுடையது. வாக்கப்பட்டதென்னவோ கடலோரத்துக்காரருக்குத்தான். தேவராஜின் ஊர் குளச்சலுக்குப் பக்கம். ஆனால் முப்பது வருஷத்தில் அவளை அங்கே கூட்டிப்போனது இரண்டே தடவை, மாமியார் சாவுக்கும் மாமனார் சாவுக்கும். துக்க வீட்டுக்கு வந்த மருமகள் கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்க முடியுமா? கல்யாணமான புதிதில் அவள் ஆசையாகக் கேட்டதற்கு, ஊருக்குள்ளேயே இருக்கும் டேங்க்பண்ட் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், இதுவும் தண்ணிதானே என்று சொன்ன மகாராசர் அவர்.

இந்த முறை சாவு எதுவும் இல்லை. முட்டத்துப் பாறை ஒரு நாள், கன்னியாகுமரி ஒரு நாள், குளச்சல் கடற்கரை ஒரு நாள் என்று மனசுக்குள் பிரித்து வைத்திருந்தாள். நாத்தனார் தங்கமும் பிரித்துத்தான் வைத்திருந்தாள், வீடு வீடாக. பெரியப்பா வீட்டுக்குப் போனால் சித்தப்பா வீட்டை விடக்கூடாது. சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டு அவர் சம்பந்தி வாசலைத் தாண்டிப் போனால் பத்து வருஷத்துக்கு அதுவே பேச்சாகும். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு இன்னொரு வீட்டில் காப்பி மட்டும் குடித்தால் அதுவும் குற்றம். இப்படிப் பதினேழு வீடு.

அத்தனை வீட்டுக்குப் பின்னாலும் கடல் இரைந்துகொண்டே இருந்தது. ஒரு வீட்டில் கை கழுவப் போனவள், தென்னைகளுக்கு நடுவே ஒரு சாண் நீலத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். மீன் ஆறுகிறது என்று தங்கம் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள். கடலில் என்ன இருக்கு, வெயிலும் கவிச்சியும்தான் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு. அதை வேடிக்கை பார்க்க ஒருத்தி ஹைதராபாதிலிருந்து வருவாள் என்பது விளங்காததில் தப்பில்லை. கட்டின புருஷனுக்குமா விளங்காது? அவர் மூன்றாவது மீன் துண்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் ரயிலுக்குக் கிளம்பும்போது வாய்விட்டே கேட்டாள். வண்டியைக் கடற்கரைப் பக்கம் விடுங்கள், கால் மணி நேரம் போதும் என்றாள். தேவராஜ் மணி பார்த்தார். சரியாகக் கால் மணி நேரம் மிச்சம் இருந்தது. அதில் பதினேழாவது வீட்டுக்குப் போனார்கள். கடல் எங்கே ஓடிப்போகப்போகிறது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலோடேயே ஹைதராபாத் வந்து சேர்ந்தாள்.

கம்பெனியில் கூட வேலை செய்யும் உஷா, கடல் போட்டோ காட்டச் சொல்லி போனைப் பிடுங்கினாள். நாற்பது போட்டோ இருந்தது. எல்லாவற்றிலும் லூர்துமேரி யார் வீட்டு சோபாவிலோ காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். உஷா விழுந்து விழுந்து சிரித்தாள். லூர்துமேரிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போனாள்.

வரும் சனிக்கிழமை பாபட்லா போகிறேன், ஆந்திராவில்தான், அங்கே கடற்கரை இருக்கிறது என்று சோறு போடும்போது சொன்னாள்.

"பாபட்லாவிலயா? அங்க நமக்கு யாரு இருக்கா?" என்றார் தேவராஜ்.

"யாருமில்ல. அதுக்குத்தான் போறேன்."

அவர் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். நல்லெண்ணத்தில்தான் யோசித்தார், அதுதான் கொடுமை. தன்னோடு வேலை பார்த்த ஸ்ரீகாந்தின் மாமியார் வீடு அந்த ஊர்தான் என்று ஞாபகம் வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரு எட்டு தலையைக் காட்டிட்டு வந்துரலாம் மேரி. தெரிஞ்சா வருத்தப்படுவாங்க."

லூர்துமேரி கரண்டியை வைத்தாள். "எனக்கு நக்கோ, வேண்டவே வேண்டாம். நீங்க இன்னொரு நாள் போய்க்கங்க. நான் டிக்கெட் ஒண்ணுதான் எடுத்திருக்கேன்."

சனிக்கிழமை காலை ரயில் ஏறினாள், மதியத்துக்கெல்லாம் இறங்கினாள். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்தாள், மணலில் செருப்பைக் கழற்றினாள், நடந்தாள். முழங்கால்வரை தண்ணீர் வந்தது. சந்தோஷம் வந்தது, அது நிஜம். ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது. இந்த முறை அது தேவராஜ் மேலும் இல்லை, தங்கத்தின் மேலும் இல்லை. ஒரு டிக்கெட், ஒரு ஆட்டோ, இவ்வளவுதானா? இதற்கா முப்பது வருஷம் எவனாவது கூட்டிப்போவான் என்று உட்கார்ந்திருந்தேன் என்று புடவை நனைய நின்று, தன்னைத் தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தாள்.